மழை வந்தால் போகிற லைன்

ஓய்வு பெற்றும் என் கைப்பேசிக்கு ஓய்வு கிடைக்கவில்லை. வானம் கறுத்தால் போதும், மணி அடிக்கும். "அண்ணா, ஒரு கஸ்டமர் உசிர வாங்கறாருங்க. மழை வந்தா நெட் போயிருதுன்றாரு. நாங்க போய்ப் பாத்தா சூப்பரா ஓடுது. என்னா பண்றதுங்க?" இப்போது வேலையில் இருப்பவர்கள் வாரத்துக்கு ஒருவராவது இப்படிக் கேட்டுவிடுகிறார்கள். "மழையில போய் நில்லுங்கப்பா" என்பேன். சிரிப்பார்கள். அவர்கள் கையில் இருக்கும் செயலி, லைன் பச்சை காட்டினால் புகாரை மூடச் சொல்கிறது. வெயிலில் போனால் பச்சைதான் காட்டும். மூடிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அடுத்த மழைக்கு அதே வீடு, அதே புகார், புதிய எண்.

அவர்களைத் திட்டிப் பயனில்லை. ஆள் குறைவு, அலைச்சல் அதிகம். நானும் பல காலம் அப்படித்தான் மூடினேன். எங்கள் ஊழியர் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி விடாமல் கேட்கிறார்கள். மழைப் பழுதைப் பற்றியே எழுதுகிறேன். எழுதத் தொடங்கினால் ஒரு வீட்டில் போய்த்தான் நிற்பேன் என்று எனக்குத் தெரியும்.

டெலிபோன் இலாகாவில் நான் வேலைக்குச் சேர்ந்தது பள்ளம் தோண்டத்தான். ஏரியூர் சாலையோரம் கேபிள் புதைக்கக் கடப்பாரை பிடித்த கை இது. பிறகு லைன்மேன் ஆனேன். சித்தேரி மலையில் கம்பத்துக்குக் கம்பம் நடந்து மழையும் அட்டையும் பழகின. அப்போது எல்லாம் செம்புக் கம்பி. செம்பில் ஒரு நல்ல குணம் உண்டு. ஈரம் பட்டால் முனகும், இருமும், கரகரக்கும். போகப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடும். பின்னால் வந்த ஃபைபர் என்கிற கண்ணாடி இழைக்கு அந்தப் பழக்கம் இல்லை. இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்.

எல்லா மழைப் பழுதும் மழையால் வருவதில்லை என்பதை ஏரியூரில் ஒரு பெரியவர் எனக்குப் புரியவைத்தார். இடி இடித்தால் அவர் வீட்டு லைன் போய்விடும், மறுநாள்தான் வரும். கம்பம் கம்பமாகப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் அவர் மனைவிதான் போட்டு உடைத்தார். "இடி இடிச்சா இவரு அந்தப் பொட்டிய புடுங்கி அரிசி டிரம்முல போட்டு மூடிருவாருங்க. காலைல நாந்தான் அரிசி எடுக்கறப்ப வெளிய எடுத்து வெக்கிறேன்." பெரியவர் என்னைப் பார்க்காமல் விட்டத்தைப் பார்த்தார். மோடத்தை அரிசியில் வைத்தால் ஈரம் ஏறாது என்று யாரோ சொன்னார்களாம்.

இந்தக் கதையை அலுவலகத்தில் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தவர் வசந்தா மேடம். எங்கள் பகுதிக்கு இளநிலை அதிகாரியாக வந்தவர். நான் பார்த்த அதிகாரிகளில் சத்தம் போடாத ஒரே ஆள். புகாரைக் கேட்கும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிடுவார். அப்படி வைத்தால் வேறு எதையும் பார்க்கப்போவதில்லை, கேட்கப் போகிறார் என்று பொருள். கேள்வி எப்போதும் ஒன்றுதான். "காத்து அடிக்கும்போதே போகுதா, நல்லா நனைஞ்ச பிறகு போகுதா, மழை விட்ட பிறகும் வரலையா?" காற்றுக்கே போனால் கம்பி எங்கோ தளர்ந்து ஆடுகிறது. நனைந்த பிறகு போனால் இணைப்புப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்குகிறது. மழை விட்ட பிறகும் வராவிட்டால் அரிசி டிரம்மைப் பார்க்க வேண்டும். கடைசி வரி மட்டும் என் ஏரியூர் அனுபவத்துக்குப் பிறகு அவரே சேர்த்துக்கொண்டது.

மழை பெய்கிறபோது கம்பத்தில் ஏறக் கூடாது என்பதில் மட்டும் மேடம் கறாராக இருந்தார். "ஏறினா மெமோ எல்லாம் கொடுக்க மாட்டேன் மாதையன். நேரா உங்க வீட்டுக்கு வந்து உங்க சம்சாரத்துகிட்ட சொல்லிட்டுப் போயிடுவேன்" என்பார். மெமோவே மேல் என்று நாங்கள் எல்லோரும் பயந்து நடந்தோம். ஆகவே மழை பெய்யும்போது யாரும் லைன் பார்க்கப் போவதில்லை. மழை விட்டுக் காய்ந்த பிறகு போவோம். லைனும் காய்ந்து சரியாகியிருக்கும். எங்களைக் காப்பாற்றிய சட்டம்தான் பழுதையும் எங்கள் கண்ணில் படாமல் காப்பாற்றியது.

சவரிமுத்துவின் புகார் வந்தது மாதா தேர்த் திருவிழா முடிந்து மழை தொடங்கிய பிறகு. இண்டூரைத் தாண்டி உள்ளே போனால் அவர் ஊர். ஒரே நீளத் தெரு, தெருக்கோடியில் மாதா கோயில். தேர் தடங்கலில்லாமல் போக வேண்டும் என்று தெருவை அகலப்படுத்தி சிமென்ட் போட்டபோது இருந்த வேம்பு, புங்கன் எல்லாவற்றையும் வெட்டிவிட்டார்கள். பகலில் அந்தத் தெருவில் நின்றால் தலை கொதிக்கும். சவரிமுத்து தக்காளியும் ராகியும் போடுகிற விவசாயி. ஒல்லியான ஆள், பேசும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

அவர் மனைவி லூர்து மேரிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. பள்ளிக்கூடம் போனதில்லை, எழுதப் படிக்கத் தெரியாது. ஒரே மகள் ஜான்சி. அந்தப் பெண் பேச்சு வருவதற்கு முன்பே அம்மாவோடு கையால் பேசக் கற்றுக்கொண்டவள். தாயும் மகளும் சேர்ந்து உண்டாக்கிய பாஷை அது, ஊரில் வேறு யாருக்கும் முழுதாகத் தெரியாது. சவரிமுத்துவுக்கே பாதிதான் புரியும். "அவங்க ரெண்டு பேரும் என்னய வெச்சுக்கிட்டே என்னய பத்திப் பேசுவாங்க சார். எனக்கு ஒண்ணும் வெளங்காது" என்று சிரித்தபடி சொன்னார். மீசையை முறுக்கிக் காட்டினால் அப்பா. காது மடலைத் தொட்டால் ஜான்சி.

ஜான்சி செவிலியர் படிப்பு முடித்து வளைகுடா நாட்டில் வேலைக்குப் போனாள். போன இடத்தில் ரத்தத்தில் நோய் கண்டது. அவள் வேலை பார்த்த மருத்துவமனையிலேயே படுக்க வைத்தார்கள். விமானம் ஏற உடம்பு தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். இவர்கள் போவதற்கான காகிதங்கள் எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருந்தன. சாயங்காலம் மருந்து ஏற்றி முடித்ததும் அறைத் தோழி கைப்பேசியைப் பிடித்துக்கொள்ள, ஜான்சி அம்மாவோடு பேசுவாள். சவரிமுத்து தோட்டத்து மேட்டில் ஏறி நின்றால் மகளின் குரலைக் கேட்கலாம். லூர்து மேரிக்குக் குரலால் என்ன பயன்? அவளுக்கு மகள் முகமும் கையும் தெரிய வேண்டும். அந்த ஊரில் டவர் சரியாக எடுக்காது, வீடியோ நிற்காது. ஆகவே எங்கள் லைன் ஒன்றுதான் வழி. மழைக்காலத்தில் மழை வருவதும் சாயங்காலத்தில்தான்.

முதல் தடவை போனபோது வெயில். மோடத்தில் விளக்கு பச்சை. இழையில் வரும் ஒளியை அளக்கும் மீட்டரிலும் குறைவில்லை. லூர்து மேரி என் கையைப் பிடித்து இழுத்துப் போய் ஒரு நாற்காலியைக் காட்டினாள். அதில் உட்கார்ந்து, எதிரே கைப்பேசி இருப்பதாகக் காட்டி, கைகளை அசைத்துப் பேசினாள். திடீரென்று கைகளை அந்தரத்தில் நிறுத்தி, கண்ணை இமைக்காமல், வாயைப் பாதி திறந்தபடி அப்படியே இருந்தாள். படம் உறைந்துபோவதைக் காட்டுகிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அப்படி நின்னுட்டா புள்ளைக்கு என்னமோ ஆயிருச்சுன்னு நெனச்சுக்கறா சார். மாருல அடிச்சுக்கறா. லைனு போச்சுன்னு எப்படி காட்டறதுன்னு எனக்குத் தெரியல. நான் மேட்டுக்கு ஓடிப்போய்ப் பேசிட்டு வந்து, புள்ள இருக்காடின்னு காட்டினாலும் நம்ப மாட்டேங்கறா" என்றார் சவரிமுத்து.

மோடத்தின் பின்பக்கம் கண்ணாடி இழையைப் பிடுங்கினேன். சிவப்பு எரிந்தது. சிவப்பைக் காட்டி, இரண்டு விரலால் கத்தரிப்பதுபோல் காட்டினேன். கம்பி போச்சு. பிறகு காது மடலைத் தொட்டு, தலையை ஆட்டி, இருக்கிறாள் என்று காட்டினேன். இழையை மறுபடி சொருகினேன். பச்சை. பச்சையைக் காட்டிக் காது மடலைத் தொட்டேன். லூர்து மேரி விளக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். இழையைத் தானே பிடுங்கிப் பார்த்தாள், சொருகிப் பார்த்தாள். பிறகு அவளும் பச்சையைக் காட்டிக் காது மடலைத் தொட்டாள். அன்று நான் செய்த வேலை அது ஒன்றுதான்.

மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். "காத்துக்கா, நனைஞ்ச பிறகா?" நன்றாக நனைந்த பிறகு போகிறது, காய்ந்தால் வந்துவிடுகிறது என்றேன். இணைப்புப் பெட்டிக்குள் தண்ணீர்தான் என்றார். பெட்டியைத் திறந்து எல்லா இணைப்பையும் புதிதாகப் போட்டோம். சாயங்காலம் மழை வந்தது, லைன் போனது. மோடத்தை மாற்றினோம். மழை வந்தது, லைன் போனது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்ததால் கரண்டின் மேலும் பழி போட முடியவில்லை. மேடமே மழை நேரத்தில் சவரிமுத்துவைக் கூப்பிட்டு விளக்கு என்ன நிறம் என்று கேட்பார். சிவப்பு என்பார் அவர். பின்னணியில் லூர்து மேரி எழுப்பும் சத்தம் கேட்கும். ஒருநாள் போனை வைத்துவிட்டு மேடம் நெடுநேரம் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளவே இல்லை.

நடுவில் ஒரு தடவை மொட்டை மாடிக்கும் போனேன். கோயில் மதிலில் எங்கள் பெட்டி. அதிலிருந்து கம்பி ஒரு கம்பத்துக்கு ஏறி, தெருவைக் குறுக்கே கடந்து சவரிமுத்து வீட்டு மாடிக்கு வருகிறது. மாடிக் கைப்பிடிச் சுவரில் அவர் ஒரு இரும்புக் குழாய் நட்டு, கம்பியை மேலே தூக்கி அதில் கட்டியிருந்தார். தேர் போகும்போது உச்சியில் இருக்கிற சிலுவை கம்பியில் மாட்டி அறுத்துவிடும் என்பதற்காகத் திருவிழாவுக்கு முதல் நாள் செய்த ஏற்பாடு. வழக்கமாகத் தேர் போகும்போது இளவட்டங்கள் கவைக்கோலால் கம்பிகளைத் தூக்கிப் பிடிப்பார்கள். அவர்களை நம்ப இவருக்கு மனம் வரவில்லை.

"பசங்க தூக்கறேன்னு ஒடிச்சுருவாங்க சார். புள்ளையோட லைனாச்சே. அதான் நானே கட்டிட்டேன். நைலான் கயிறு போட்டா ஒயர அறுத்துரும்ங்க. கன்னுக்குட்டிக்குப் போடற நூல் கயிறுதான் போட்டிருக்கேன். மெத்துன்னு இருக்கும்."

தொட்டுப் பார்த்தேன். குழாயோடு சேர்த்துப் பல சுற்று, அழகான முடிச்சு. எங்கள் ஆட்களே அப்படிக் கட்டமாட்டார்கள். "நல்லா கட்டியிருக்கீங்க" என்று பாராட்டிவிட்டு இறங்கினேன். வெயிலில் காய்ந்த கயிறு கம்பியைச் சுற்றித் தளர்வாகத்தான் கிடந்தது.

அதற்குள் ஜான்சியின் நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது. தோழி சொன்னதைச் சவரிமுத்து மனைவிக்குச் சொல்லவில்லை. என்னிடம் சொன்னார். "இன்னும் கொஞ்ச நாளுதாங்களாம் சார். அதுக்குள்ள மழ விட்டுத் தொலையணும்." விவசாயி ஒருவர் மழை வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

மேடத்திடம் போய் நின்றேன். நல்ல லைனிடம் போய் நீ ஏன் கெட்டாய் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம், கெட்டிருக்கும்போது பார்க்க வேண்டும் என்றேன். "கம்பத்தில ஏற மாட்டீங்களே?" என்றார். மாட்டேன் என்றேன். "போய்ட்டு வாங்க" என்று தன் குடையை எடுத்துக் கொடுத்தார்.

கோயில் முகப்பில் நின்று மழைக்குக் காத்திருந்தேன். மேற்கே கறுத்து வந்தது. காற்று அடித்தது, லைன் இருந்தது. தூறல் விழுந்தது, இருந்தது. ஊற்றத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் சவரிமுத்து வாசலில் வந்து தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். போய்விட்டது. மதில் பெட்டியைக் குடையால் மறைத்துத் திறந்து மீட்டரைச் சொருகினேன். ஒளி நன்றாக வந்தது. அப்படியானால் பழுது பெட்டிக்கும் வீட்டுக்கும் நடுவே. அண்ணாந்து கம்பியைப் பார்த்தபடியே தெருவைக் கடந்தேன். எங்கும் எதுவும் இல்லை. மாடிப்படி ஏறினேன், பின்னாலேயே வந்த சவரிமுத்து படியிலேயே நின்றுகொண்டார்.

கயிற்றைத் தொட்டதும் தெரிந்துவிட்டது. முறுக்கிய நூல் கயிறு நனைந்தால் உப்பும், உப்பினால் நீளம் சுருங்கும். பகலில் தளர்ந்து கிடந்த கயிறு இப்போது கட்டைபோல் விறைத்து, கம்பியைக் குழாயோடு சேர்த்து நெரித்துக்கொண்டிருந்தது. நெரிந்து மடங்கிய இடத்தில் இழைக்குள் வருகிற ஒளி அதற்கு மேல் போகாது. காய்ந்தால் கயிறு தளரும், ஒளி வரும். நைலானாக இருந்திருந்தால் இப்படி இறுகியிருக்காது. முடிச்சு அசையவில்லை. கத்தியை எடுத்து அறுத்தேன்.

கீழே லூர்து மேரியின் குரல் கேட்டது. அது அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. சவரிமுத்து படியில் தடதடவென்று ஓடினார். நான் மழையில் தனியாக நின்றேன். அறுத்த கயிற்றைச் சுருட்டி மழைச்சட்டைப் பைக்குள் திணித்தேன். மடங்கிய இடத்தை நீவிவிட்டு, எங்கள் கிளாம்ப் ஒன்றைக் குழாயின் அடிப்பக்கம் மாட்டிக் கம்பியைத் தளர்வாகத் தொங்கவிட்டேன். மழை தொடங்கிய நாளிலிருந்து எத்தனை சாயங்காலம் போயிற்று என்று விரல் விட்டு எண்ணினேன். மகளின் லைனுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று ஒரு மனிதன் பார்த்துப் பார்த்துக் கட்டிய கட்டு அது.

அவர் திரும்பி வந்தபோது முகமெல்லாம் மழை. "பேசறாங்க சார். மழயிலயே பேசறாங்க. என்னாங்க பழுது?"

"மரக் கெளைங்க" என்றேன். "கம்பி மேல சாஞ்சு அழுத்திக்கிட்டு இருந்துச்சு. ஒதுக்கிட்டேன்."

அவர் குழாயைப் பார்த்தார். "கயிறுங்க?"

"அது பழசாயிருச்சு, அவுத்துப் போட்டுட்டேன். கிளாம்ப் மாட்டியிருக்கேன்."

"சரிங்க" என்றார்.

மேடத்திடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றியவர் திரும்பப் போட்டுக்கொண்டு, "நல்ல வேலை பண்ணீங்க" என்றார். லைனைச் சொன்னாரா, பொய்யைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

அதன் பிறகு மழை வந்தது, லைன் இருந்தது. ஜான்சியால் கையைத் தூக்க முடிந்தவரை தாயும் மகளும் பேசினார்கள். பிறகு தாய் மட்டும் பேசினாள், மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். பெருமழை பெய்த ஒரு சாயங்காலம் ஜான்சி போய்விட்டாள்.

துக்கத்துக்குப் போனபோது சவரிமுத்து சொன்னார். "புள்ளயோட கண்ணு அப்படியே நின்னுருச்சு சார். கூட இருந்த பொண்ணு போன புடிச்சுக்கிட்டே அழுவுது. லூர்து உடனே அழல. திரும்பி அந்தப் பொட்டியப் பாத்தா. பச்ச எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. எழுந்து கிட்டப் போய்ப் பாத்தா. ஒயரப் புடுங்கி மறுபடி சொருகினா. பச்சயேதான் வந்துச்சு. அதுக்கப்புறந்தான் அழுதா."

அந்த விளக்கை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். சிவப்பு எரிந்தால் மகள் இருக்கிறாள், கம்பிதான் போச்சு என்று சொல்லிக்கொடுத்தேன். பச்சை எரியும்போது இப்படி ஒரு நாள் வரும் என்று சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் வீட்டில் என்னால் அழ முடியவில்லை. வண்டியை இண்டூர் ஏரிக்கரையில் நிறுத்தி அழுதேன்.

மறு வருடம் நான் ஓய்வு பெற்ற பிறகு மாதா தேருக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. போனேன். தெரு முழுக்கச் சீரியல் விளக்கு, கூட்டம். தேர் சவரிமுத்து வீட்டை நெருங்கும்போது பார்த்தேன். நீண்ட மூங்கில் கவைக்கோலை ஊன்றி, எங்கள் கம்பியைத் தூக்கிப் பிடித்தபடி அவரே நின்றிருந்தார். இளவட்டங்கள் வாங்கிக்கொள்ளப் போனபோது கொடுக்கவில்லை. சிலுவை அடியில் தாண்டிப் போகும்வரை கோலை அசைக்காமல் பிடித்திருந்தார்.

"லைன் இன்னும் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"அந்தக் கூட இருந்த பொண்ணு கூப்புடுது சார். ஜான்சி அதுக்குக் கைப் பேச்சப் பழக்கி வுட்டிருக்கா, கொஞ்சம் கொஞ்சம். லூர்து அதுகூடப் பேசறா."

தேர் கோயில் பக்கம் திரும்பியது. அவர் கோலை மெல்ல இறக்கி, கம்பி பழைய இடத்தில் வந்து நிற்கிறதா என்று பார்த்தார்.

"சார், அன்னிக்கு மரக் கெளைன்னு சொன்னீங்களே."

"ஆமாங்க."

அவர் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு தடவை பார்த்தார்.

"நம்ம தெருவுல மரம் ஏதுங்க?" என்றார். வாசலில் மெழுகுவர்த்தியோடு நின்ற மனைவியைப் பார்த்தபடி அவர் சொன்னார். "லூர்துகிட்ட நானும் மரக் கெளைன்னுதான் காட்டி வெச்சேன். சரின்னு தலையாட்டிக்கிட்டா. அவளுந்தான் இதே தெருவுல இருக்கறா."